அக்காவின் பழைய பிஸ்டல்

போன வாரம் லிங்கராஜபுரத்தில் ஒரு பேன்ட்டை நீளம் குறைக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது டெய்லர் தையல் மெஷினின் தலையைச் சாய்த்து வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த எண்ணெயின் வாசனை மூக்கில் ஏறியதும், அக்கா, நீ பின்னால் வந்து நின்றது போல என் முதுகு தானாக நிமிர்ந்தது. உன் எதிரில் கூன் போட்டு நிற்க முடியாது. நின்றால், "சோத்து மூட்டை மாதிரி நிக்காதடா" என்பாய், யார் பக்கத்தில் இருந்தாலும் சரி.

பிஸ்டலுக்கும் நீ அந்த எண்ணெயைத்தான் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே சர்ச்சுக்குப் போயிருக்கும். நீ சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அதைக் கழற்றிப் பரப்பி, பழைய பனியன் துணியால் ஒவ்வொரு பாகமாகத் துடைப்பாய். பக்கத்தில் உன் காப்பி ஆறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மட்டும் உன் முகம் சாந்தமாக இருக்கும்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். உன்னைப் பற்றி அப்படி எழுதினால் நீயே காறித் துப்புவாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் காவிரிக் கலவரத்தில் மாமாவின் லாரிகளை ஓசூர் ரோட்டில் எரித்தார்கள். தமிழ்நாட்டு நம்பர் பலகை, அவ்வளவுதான் குற்றம். மாமா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சில மாதங்களில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் விட்டுப்போனது சந்தாபுராவைத் தாண்டி இருந்த ஜல்லி கிரஷரும், அதை ஒட்டிய கல்குழியும். உனக்குப் பிள்ளை இல்லை. மாமாவின் தம்பி தேவராஜ் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வந்து, பொம்பளை ஏன் தூசியில் நின்று கஷ்டப்பட வேண்டும், சாவியைக் கொடுங்கள் அண்ணி, மாசாமாசம் வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறேன் என்றான். நீ அவனுக்குப் பந்தியில் இன்னொரு வடை போடச் சொன்னாய். சாவியைக் கொடுக்கவில்லை.

பிறகு அவன் தன் வேலையைக் காட்டினான். கிரஷரின் பெல்ட்டை யாரோ அறுத்துவிட்டுப் போனார்கள். காவல் நாய்க்கு விஷம் வைத்தார்கள். ஒருநாள் நீ தனியாக வந்த காரை மறித்து, கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். உன் நெற்றியில் தையல் போட்டார்கள். மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊசி ஏறி இறங்கும்போதே என்னைப் பார்த்து, "துப்பாக்கி லைசென்ஸுக்கு என்னென்ன வேணும்னு விசாரி" என்றாய்.

லைசென்ஸ் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி சிரித்துக்கொண்டே, "யாக்கம்மா பேக்கு நிமகே இது?" என்று கேட்டார். ஏன் வேண்டும் என்பதை நீ அவரைவிடச் சுத்தமான கன்னடத்தில், சிரிக்காமல் சொன்னாய். ஆண்பிள்ளை துணை இல்லையா என்று அவர் என் பக்கம் கை காட்டினார். "இவனா? இவனையும் சேத்து நான்தான் காப்பாத்தணும்" என்றாய். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உன் கிரஷரில் கணக்குப் பார்த்து, உன் வண்டியை ஓட்டி, உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன்.

புதிதாக வெளிநாட்டுப் பிஸ்டல் அப்போது கிடைக்காது. இறக்குமதி நின்று பல வருடம் ஆகியிருந்தது. ஏற்கெனவே ஒருவரிடம் இருப்பதைத்தான் வாங்க வேண்டும். துப்பாக்கிக் கடைக்காரர் ஒரு ஆங்கிலோ இந்தியக் கிழவரைப் பற்றிச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போகப்போகிறார், கொண்டுபோக முடியாததால் விற்கிறார் என்றார். பெல்ஜியத்தில் செய்த, 'முப்பத்திரண்டு போர்' என்ற குழல் அளவுள்ள பிஸ்டல் அது. கறுப்புப் பூச்சு ஓரங்களில் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. பிடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. தோட்டா அடைக்கும் மேகசின் ஒன்றே ஒன்று. கிழவர் கடையில் அதை வெல்வெட் துணியிலிருந்து பிரித்து வைத்தபோது அவர் கண் கலங்கியது. சில சமயம் தோட்டா சிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "முப்பது வருஷம் வெச்சிருந்தேம்மா. ஒருதரம்கூட மனுஷன் பக்கம் திருப்பினதில்ல" என்றார்.

"அப்புறம் எதுக்கு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாய்.

அவர் வெல்வெட் துணியை மடித்துக்கொண்டு போனார்.

முதலில் சுட்டது கல்குழியில். அப்படிச் சுடக் கூடாது, பயிற்சி ரேஞ்சில்தான் சுட வேண்டும். ஆனால் பாறைக்கு வெடி வைக்கும் இடத்தில் இன்னும் நாலு சத்தம் யார் காதில் விழப்போகிறது என்றாய். கல்தூள் குவியலில் காலி கிரீஸ் டப்பாக்களை வரிசையாக நட்டு வைத்தோம். நீ இரண்டு முறை சுடுவாய், மூன்றாவது சிக்கும். வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே விழாமல் வாயில் கடித்த பீடி போல நிமிர்ந்து நிற்கும். நீ கெட்ட வார்த்தை சொல்லி அதைத் தட்டிவிடுவாய். கடையில் காட்டியபோது மேகசினின் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். அதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது.

என்னையும் ஒருமுறை சுடச் சொன்னாய். நான் பயத்தில் பிடியை மேலேற்றிப் பிடித்திருந்தேன். சுட்டதும் மேல்பாகம் பின்னால் பாய்ந்து, கட்டைவிரலுக்கு அடியில் இருந்த சதையைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கொட்டியது. நீ என் கையைப் பார்க்கவில்லை. பிஸ்டலைப் பிடுங்கி, ரத்தம் பட்டால் துரு ஏறும் என்று உன் முந்தானையால் துடைத்தாய். "மண்ணாங்கட்டி" என்றாய். வேலையாட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குத் துணி கிழித்துக் கட்டுப் போட்டவன் சின்னராசு மேஸ்திரி.

சின்னராசு கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். மாமா காலத்திலிருந்து இருந்தவன். அதிகம் பேசமாட்டான். அந்த வருடம் டீசல் குறைந்துகொண்டே வந்தது. இங்கே நடக்கிற சேதியும் தேவராஜ் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் செய்வது சின்னராசுதான் என்று யாரோ உன்னிடம் ஓதினார்கள். நீ அவனைக் கூப்பிட்டாய். மதியச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இல்லை என்றான், குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். நீ ஒரு கிரீஸ் டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாய்.

"பொய் சொல்லாதவனுக்கு பயம் இருக்காது. குவியல்கிட்ட போய் நில்லு. கையை நீட்டு."

அவன் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தான். நீ பையிலிருந்து பிஸ்டலை எடுத்ததும் கையைக் கூப்பினான். நீ மறுபடி நீட்டச் சொன்னாய். நான் "அக்கா, வேணாம்" என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் தோட்டா அவனுக்குப் பின்னால் கல்தூளில் பாய்ந்து புகை போல எழுப்பியது. இரண்டாவது டப்பாவைத் துளைத்தது. டப்பா அவன் கையிலிருந்து பறந்தது. அவன் நின்ற இடத்திலேயே அவன் லுங்கி நனைந்தது. நீ மர நிழலில் இருந்தவர்களைப் பார்த்து, "பாத்துக்கோங்கடா எல்லாரும்" என்றாய்.

அன்று மாலை வண்டியில் திரும்பும்போது, குறி கொஞ்சம் தவறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நான் டப்பாவைத்தான் பாத்தேன். அவனைப் பாக்கவேயில்ல" என்றாய். அதை ஒரு நியாயம் போலச் சொன்னாய்.

சின்னராசு மறுநாள் வரவில்லை. டீசலைத் திருடியது ஜெனரேட்டர் ஓட்டியவன் என்று சில வாரத்தில் தெரிந்தது. சின்னராசுவை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். "போனவன் போனவன்தான்" என்றாய். அவன் போனது தேவராஜிடம். அதற்கு முன் அவன் தேவராஜின் வாசற்படியை மிதித்தது கிடையாது.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்தாய், விலக்குக் கேட்டாய். ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். பிஸ்டலை வாங்கி, பெயர் எழுதிய சீட்டைக் கட்டி அலமாரியில் போட்டுப் பூட்டினார்கள். நீ ஸ்டேஷன் வாசலில் நின்று கைப்பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தாய். வெயிட் இல்லாமல் தொங்கியது. கிரஷருக்குப் போனதும் ஒரு ஜல்லிக்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய். பை பழையபடி கனமாகத் தொங்கியது. வேலையாட்கள் பார்க்கும்போது அதன்மேல் கையை வைத்துக்கொண்டாய்.

யார் ஏமாந்தாலும் சின்னராசு ஏமாறவில்லை. தேர்தலென்றால் துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அவர்கள் பட்டப்பகலில் இரண்டு ஜீப்பில் வந்தார்கள். தேவராஜ், அவனோடு பத்துப் பன்னிரண்டு பேர், கடைசியாகச் சின்னராசு. என்னை இரண்டு பேர் லாரியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். நீ பைக்குள் கையை விட்டாய். தேவராஜ் நின்ற இடத்திலேயே சிரித்தான்.

"எடுங்க அண்ணி. பாக்கலாம்."

நீ எடுக்கவில்லை. ஒருவன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். சீப்பு, சாவிக்கொத்து, கைக்குட்டை, அந்தக் கல். கல் விழுந்ததும் அவர்கள் சிரித்த சிரிப்பு குழி முழுக்க எதிரொலித்தது. நம் ஆட்களும் இரண்டு பேர் சிரித்தார்கள். அதை நீ கவனித்தாய்.

தேவராஜ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். அவனுக்கு அதுதான் தேவை. சின்னராசுதான் முன்னே வந்தான். கீழே கிடந்த ஒரு கிரீஸ் டப்பாவை எடுத்து உன்னிடம் நீட்டினான். "புடிங்கம்மா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நீ அவனையே பார்த்தாய். டப்பாவை வாங்கினாய். கல்தூள் குவியலுக்கு நீயாகவே நடந்து போய், வலது கையை நீட்டி நின்றாய்.

அவன் ஜல்லிக் குவியலிலிருந்து கற்களைப் பொறுக்கி எறிந்தான். முதல் கல் உன் தோளில் பட்டது. அடுத்தது டப்பாவில். பிறகு எறிந்ததெல்லாம் கையில். ஒவ்வொரு கல்லுக்கும் உன் கை தாழ்ந்து, மறுபடி மேலே வந்தது. விரலிலிருந்து ரத்தம் முழங்கை வரை ஓடியது. நான் கத்தினேன், என் வாயைப் பொத்தினார்கள். ஒரு கட்டத்தில் தேவராஜே, "போதும் விடுடா, கேஸாயிடும்" என்றான். சின்னராசு நிறுத்தவில்லை. டப்பாவைக் கீழே போட்டிருந்தால் நிறுத்தியிருப்பானோ என்னவோ. நீ போடவில்லை. உன் ஆள்காட்டி விரல் உடைந்து பின்பக்கமாக மடங்கியது. அப்போதும் மற்ற விரல்களால் பிடித்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அவன்தான் கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் ஜீப்பில் போய் உட்கார்ந்தான்.

ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டவர், நல்லவேளை அன்றைக்கு உங்களிடம் துப்பாக்கி இல்லை, இருந்திருந்தால் நீங்கள்தான் உள்ளே போயிருப்பீர்கள் என்றார். நம் ஆட்கள் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. டப்பாவோடு சின்னராசு நின்றதை மர நிழலில் இருந்து பார்த்தவர்கள்தானே அவர்கள்.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கிரஷரைத் தேவராஜுக்கு விடக் கூடாது என்று, அவனைவிடப் பெரிய முரடர்களாகப் பார்த்து விற்றாய். அவர்கள் அவனை வாசலிலேயே அடித்துத் துரத்தினார்கள் என்று கேட்டதும் அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னாய். உன் வலது ஆள்காட்டி விரல் கோணலாகவே கூடியது, மடங்கவில்லை. கட்டைவிரலுக்கும் பலம் போய்விட்டது. மாத்திரை அட்டையைக்கூட நான்தான் பிரித்துத் தர வேண்டும். ஆனால் ஸ்டேஷனிலிருந்து பிஸ்டல் திரும்பி வந்ததும், ரேஞ்சுக்குப் போய் இடது கையால் சுடப் பழகினாய். தோட்டாவை உள்ளே ஏற்ற ஸ்லைடை, அதன் மேல்பாகத்தை, பின்னால் இழுக்க உன்னால் முடியாது. அங்கே ரேஞ்சுக்காரர் இழுத்துக் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது நான். ஆரம்பத்தில் குறி அட்டையிலேயே படாது. பக்கத்துத் தடுப்பில் சுடுகிற பையன்கள் காது மூடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்ப்பார்கள். நீ மறுபடி மறுபடி போனாய். கடைசியில் வலது கையில் சுட்டதைவிட நன்றாகவே சுட்டாய்.

சந்தாபுரா பஸ் ஸ்டாப் பக்கத்தில் சின்னராசு இளநீர் வண்டி போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு வந்து உன்னிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. நீ மூன்றாம் நாள் காலையில் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, வண்டியை எடு என்றாய்.

அவன் உன்னைப் பார்த்ததும் கையிலிருந்த அரிவாளைக் குலையில் கொத்தி நிறுத்திவிட்டு நின்றான். தலை நரைத்திருந்தது. பிறகு ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போட்டான். நீ உட்கார்ந்தாய். பையை மடியில் வைத்து, இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாய். கைக்குட்டையைத் தேடுகிறாய் என்று நினைத்தேன்.

"நான் அன்னிக்கு டப்பாவைப் பாத்துதான் சுட்டேன்" என்றாய். "நீ என் கையைப் பாத்து அடிச்சே. ஏன்டா?"

பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"நீங்க எதைப் பாத்தீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான். "துப்பாக்கி என் பக்கம் இருந்துச்சு. நின்னவனுக்கு டப்பாவும் ஒண்ணுதான், நெஞ்சும் ஒண்ணுதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "என் பெரிய பொண்ணு அன்னிக்கு சோறு எடுத்துட்டு வந்திருந்தா. மரத்துக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் பாத்தா. அதுக்கப்புறம் அவ என் மூஞ்சியப் பாத்துப் பேசினதில்ல. கட்டிக் குடுத்து அனுப்புற அன்னிக்குக்கூட இல்ல."

நீ அவனைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த மருந்துக்கடையின் பலகையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு உன் இடது கை பையிலிருந்து வெளியே வந்தது. காலியாகத்தான் வந்தது.

"ஒரு இளநி வெட்டு" என்றாய்.

வெட்டிக் கொடுத்தான். குடித்துவிட்டு எழுந்து வந்து வண்டியில் ஏறினாய். மன்னிப்பு கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. நான் உன் முகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டியதில் ஒரு ஆட்டோவில் இடிக்கப் போனேன். "ரோட்டைப் பாத்து ஓட்டுடா மண்ணாங்கட்டி" என்றாய். அன்று நீ பேசியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீ ரேஞ்சுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளும் எண்ணெயும் மேசைக்கு வரவில்லை. எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. அடுத்த மாதமே கண் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கணையத்தில் கட்டி என்று பிறகுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளை அழவைத்தாய். என் மனைவி கொண்டுவந்த கஞ்சியை, உப்பு பார்க்கத் தெரியாதவள் என்று தட்டிவிட்டாய். வலி வந்தபோது மட்டும் யாரையும் கூப்பிடவில்லை, போர்வையைக் கடித்துக்கொண்டாய். பிஸ்டலை என் பெயருக்கு மாற்றிக்கொள், உன்னை எவன் மதிப்பான் என்றாய். வேண்டாம் என்றேன். வாழ்நாளில் நீ சொன்னதைச் செய்ய நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். அதற்குப் பிறகு என்னோடு பேசாமலே போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்ததும் உன் பீரோவிலிருந்து பிஸ்டலை எடுத்தேன். மேகசினைக் கழற்றித் தனியாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஜாக்கிரதை. துண்டில் சுற்றி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு, குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். சப் இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் நீட்டி, ஸ்லைடை இழுத்தார். ஒரு தோட்டா துள்ளி மேசைமேல் விழுந்து உருண்டது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. மேகசினைக் கழற்றினால் காலி என்று நினைத்தாயா, உள்ளே ஏறின தோட்டா உள்ளேயேதான் இருக்கும், வழியில் எவன் செத்திருந்தாலும் நீதான் பொறுப்பு என்று கத்தினார். நான் அந்தத் தோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்லைடை இழுக்க உன் கையால் முடியாது. யாராவது இழுத்துவிட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும். சந்தாபுராவுக்குக் கிளம்பிய அன்று காலையில், அக்கா, நீ பிஸ்டலை என்னிடம் நீட்டி, இதைக் கொஞ்சம் இழுத்து விடுடா, எண்ணெய் போட்டும் இறுகிக் கிடக்கு என்றாய். நானும் இழுத்து விட்டேன். மேகசின் உள்ளே இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நீ அதை வாங்கி எப்போதும் போலப் பையில் வைத்துக்கொண்டாய். சின்னராசு வண்டிக்கு எதிரே உட்கார்ந்து பைக்குள் கையை விட்டிருந்தபோது உன் விரல் எதன்மேல் இருந்தது என்று அந்த மேசை முன்னால்தான் எனக்கு விளங்கியது. அவனைக் கொல்லத்தான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறாய். என்னிடம் நீ அதைச் சொல்லவில்லை. கொல்லாமல் வந்ததையும் சொல்லவில்லை. அந்தத் தோட்டாவை எடுக்கச் சொல்லி என்னைக் கேட்க உனக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. கேட்டால் போனது எதற்கு, ஏன் செய்யவில்லை என்றெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுமே.

சந்தாபுரா பக்கம் வேலை இருந்தால் சின்னராசுவிடம் நின்று ஒரு இளநீர் குடிப்பேன். அவன் என்னிடம் நன்றாகத்தான் பேசுவான். உன் பேச்சு வந்தால் மட்டும் முகம் இறுகிவிடும். "தப்பா நெனைக்காதீங்க தம்பி, செத்தும் எனக்கு அந்தம்மா மேல மனசு ஆறல. கல்லுங்க அது" என்பான். நான் ஆமாம் என்பேன். அன்றைக்கு உன் மடியில் என்ன இருந்தது என்று அவனிடம் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. சொன்னால் உன்னால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று அவன் நினைக்க வேண்டி வரும். உனக்கு நன்றி சொல்ல வேண்டி வரும். பெற்ற பெண்ணின் முகத்தைத் திரும்பப் பெறாத மனிதனுக்கு அந்தக் கொடுமையையும் நாம் செய்ய வேண்டாம். அவன் உன்னை முழுமனதாக வெறுத்துவிட்டுப் போகட்டும், அக்கா. மீதியை நான் வைத்துக்கொள்கிறேன்.